மூச்சின் காவலர்

தேனி மாவட்டத்துப் பெரியகுளம் வட்டத்தில், வராக நதியின் நீரால் வளம்பெறும் ஊர்களுள் ஜெயமங்கலம் ஒன்று. நெல்வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த அவ்வூரில், உழவர் வீட்டுத் தொழுவத்தில் நள்ளிரவில் பசு கன்று ஈனுவது புதுமையான காட்சியன்று. கன்று தரையில் விழுந்தவுடன் வீட்டுப் பெரியவர் செய்யும் முதல் வேலை, அதன் மூக்கையும் வாயையும் அடைத்திருக்கும் கோழையை விரலால் வழித்து எறிவதாகும். அதன் பின்னும் கன்று மூச்சு விடாது கிடப்பின், கைநிறைய வைக்கோலை எடுத்து அதன் விலாவை அழுந்தத் தேய்ப்பர். ஒற்றை வைக்கோல் தாளை மூக்குத் துளையில் விட்டு மெல்லக் கிளறுவர். கன்று தும்மும், விலா ஏறி இறங்கும், மூச்சு வந்துவிடும். விளக்கைப் பிடித்து நிற்கும் சிறுவரின் முகம் அப்பொழுதுதான் மலரும்.

அதே ஊர்களில் மற்றொரு வழக்கமும் உண்டு. நெடுநாள் இறைக்கப்படாத பாழுங்கிணற்றில் தூர் வார இறங்குவதற்குமுன், எரியும் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்ப்பர். விளக்கு அணைந்துவிடின், அக்கிணற்றில் எவரையும் இறங்க விடார். தொழுவத்தில் கன்றின் மூக்கை வழிப்பதும், கிணற்றில் விளக்கை இறக்குவதும் தம்முள் தொடர்பில்லாத செயல்கள்போலத் தோன்றும். ஆயினும் இரண்டும் மூச்சைக் காக்கும் செயல்களே. பிறந்த உயிர் யாரும் கற்பிக்காமலே மூச்சு விடுவது எதனால்? உறங்கும்போதும் அம்மூச்சு நில்லாமல் நடப்பது யார் காவலில்? நல்ல காற்று எது, கொல்லும் காற்று எது என்பதை உடல் எங்ஙனம் அறிகிறது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதிலேயே ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளைச் செலவிட்ட பெருந்தகை ஒருவர் இருந்தார். அவரே ஜான் ஸ்காட் ஹால்டேன் என்பவர்.

ஹால்டேன் 1860-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஸ்காட்லாந்து நாட்டின் தலைநகராகிய எடின்பரோவில் பிறந்தார். அவருடைய குடும்பம் கல்வியிலும் செல்வத்திலும் சிறந்தது. அவருடைய தமையனார் ரிச்சர்டு ஹால்டேன், பிற்காலத்தில் பிரிட்டிஷ் அரசின் போர் அமைச்சராக விளங்கியவர். ஜான் ஹால்டேனோ அரசியலை நாடவில்லை. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1884-இல் பட்டம் பெற்றார். மருத்துவராகிப் பொருள் ஈட்டும் வழி திறந்திருந்தும், நோயாளியின் படுக்கையருகே அமர்வதைக் காட்டிலும் நோய்க்குக் காரணம் யாது என ஆராய்வதிலேயே அவர் உள்ளம் ஈடுபட்டது.

அவருடைய ஆராய்ச்சி டண்டி என்னும் நகரத்தில் ஏழை மக்களின் வீடுகளில் தொடங்கிற்று. சணல் ஆலைகள் மலிந்த அந்நகரில் தொழிலாளர் குடும்பங்கள் ஒற்றை அறையில் நெருக்கி வாழ்ந்தன. மூச்சுவிட்ட காற்றே அறையில் தேங்கினால் மக்களுக்கு என்ன கேடு விளையும் என்பதை அறிய விரும்பினார் ஹால்டேன். தாமஸ் கார்னெல்லி என்னும் வேதியியற் பேராசிரியருடன் சேர்ந்து, ஊர் உறங்கும் நள்ளிரவுக்குப் பின் வீடுவீடாகச் சென்றார். உறங்குவோரின் அறைக் காற்றைப் புட்டிகளில் அடைத்துக் கொணர்ந்து சோதித்தார். பள்ளிக்கூடங்களின் காற்றையும் அவ்வாறே ஆராய்ந்தார். அவ்வாய்வின் முடிவுகள் 1887-இல் வெளிவந்தன. அதே ஆண்டில் அவர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அந்நகரமே இறுதிவரை அவருக்கு இருப்பிடமாயிற்று.

அக்காலத்தில் மூச்சைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை இருந்தது. நாம் உள்ளிழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உள்ளது. நாம் வெளிவிடும் காற்றில் பிராணவாயு குறைந்து, கரியமில வாயு நூற்றுக்கு 4 பங்கு அளவில் கூடியிருக்கிறது. பலர் கூடிய அறையில் தலை கனப்பதும் மூச்சுத் திணறுவதும் எதனால்? பிராணவாயு குறைவதனாலா, கரியமில வாயு மிகுவதனாலா, அன்றி மூச்சோடு வெளிவரும் வேறொரு நஞ்சினாலா? இதனைத் தீர்மானிக்க ஹால்டேன் ஒரு பெட்டியைச் செய்வித்தார். மரப்பெட்டி அது, காற்றுப் புக வழியில்லாதது, ஓர் ஆள் உள்ளே அமர இடமுள்ளது. எலியையோ முயலையோ அதனுள் விடவில்லை. தாமே உள்ளே புகுந்து கதவை அடைக்கச் செய்தார்.

நேரம் செல்லச் செல்ல மூச்சு விரைந்தது, மார்பு இரைத்தது, தலை நொந்தது. பொறுக்க இயலாத நிலை வரும்வரை உள்ளே இருந்து, ஒவ்வொரு மாறுதலையும் குறித்துக்கொண்டார். மறுமுறை, வெளிவிடும் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் பொருளைப் பயன்படுத்தினார். அப்பொழுது பிராணவாயு முன்போலவே குறைந்து வந்தும், பழைய இரைப்பு உண்டாகவில்லை. லோரன் ஸ்மித் என்னும் அறிஞரோடு சேர்ந்து இவ்வாய்வுகளை அவர் 1893-இல் வெளியிட்டார். மூச்சு வாங்குவதற்கு முதற்காரணம் கரியமில வாயு மிகுதலே என்னும் உண்மைக்கு இங்ஙனம் அடிகோலப்பட்டது.

உடலைப் பணயமாக வைக்கும் இவ்வழக்கத்தை ஹால்டேன் வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை. பிறரை எந்த ஆபத்தில் நிறுத்த வேண்டுமோ, அதில் முதலில் தாமே நின்று பார்ப்பது அவர் இயல்பு. இதனைக் காட்டும் நிகழ்ச்சிகள் பல.

1895-ஆம் ஆண்டில் லண்டனையடுத்த ஈஸ்ட்ஹாம் என்னுமிடத்தில் சாக்கடைக் குழியினுள் ஒரு தொழிலாளி இறங்கி மயங்கி விழுந்தார். அவரை மீட்க இறங்கியவரும் விழுந்தார். ஒருவரைக் காக்க மற்றொருவர் என இறங்கி, இறுதியில் ஐவர் உயிர் நீத்தனர். ஹால்டேன் அவ்விடம் சென்று ஆராய்ந்து, ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவே அவர்களைக் கொன்றது எனக் கண்டறிந்தார். நம் நாட்டிலும் கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இத்துயரம் இதே வகையில் நிகழ்ந்துள்ளது. விழுந்தவரைக் கண்டதும் இரக்கத்தால் உந்தப்பட்டு உள்ளே குதிப்பது மனித இயல்பு. அவ்வாறு குதிப்பவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்க நேரும். ஆதலின் காற்றை ஆராயாமல் எவரும் இறங்கலாகாது. விளக்கை இறக்கிப் பார்ப்பது பிராணவாயுக் குறைவை மட்டுமே காட்டும். நச்சு வாயுவைக் காட்டாது. கழிவுநீர்த் தொட்டியில் விளக்கை இறக்குவதோ தீப்பற்றவும் ஏதுவாகும்.

1896-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வேல்ஸ் நாட்டு டைலர்ஸ்டவுன் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 57 பேர் மாண்டனர். வெடியின் வேகத்தாலேயே அனைவரும் இறந்தனர் என்று பலரும் எண்ணினர். ஹால்டேன் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்தார். பெரும்பாலோரின் இரத்தம் இயல்புக்கு மாறான செந்நிறத்தோடு இருந்தது. வெடிக்குப் பின் சுரங்கத்தில் பரவிய கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவே அவர்களைக் கொன்றது என்பது அதனால் விளங்கிற்று. இவ்வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது பற்றிக்கொண்டு, பிராணவாயுவுக்கு இடமில்லாமற் செய்துவிடும். கரியமில வாயு மிகுந்தால் உடல் இரைத்து எச்சரிக்கும். கார்பன் மோனாக்ஸைடோ எவ்வித எச்சரிக்கையுமின்றி ஆளை மயக்கி வீழ்த்தும்.

இவ்வாயுவின் தன்மையை அறிய ஹால்டேன் அதனைத் தாமே சுவாசித்தார். தம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் பாதிக்கு மேல் அந்நஞ்சு ஏறும்வரை சோதனையை நிறுத்தவில்லை. கால் தள்ளாடியது, அறிவு மங்கியது. சிற்றுயிர்கள் மனிதரைவிட மிக விரைவாக மூச்சு விடுவதால், ஏறத்தாழ 20 மடங்கு விரைவாக இந்நஞ்சுக்கு ஆட்படுகின்றன என்பதையும் கண்டார். ஆகவே சுண்டெலியையோ சிறு பறவையையோ சுரங்கத்துக்குள் உடன் கொண்டுசெல்லுமாறு அறிவுறுத்தினார். பறவை தள்ளாடினால் ஆட்கள் உடனே வெளியேறலாம். கேனரி என்னும் மஞ்சட் குருவிகள் இங்ஙனமே பிரிட்டனின் சுரங்கங்களில் காவலாயின. கருவிகள் அவ்விடத்தைப் பெறும்வரை, அதாவது 1986-ஆம் ஆண்டுவரை, அக்குருவிகள் அங்குப் பணிபுரிந்தன. உடலுக்கு உள்ளே காவல் இல்லாத ஆபத்துக்கு வெளியே ஒரு காவலை அமைத்துக் கொடுத்தவர் ஹால்டேன்.

ஹால்டேனின் இல்வாழ்க்கையும் ஆராய்ச்சியோடு கலந்தே நடந்தது. 1891-இல் லூயிசா கேத்லீன் டிராட்டர் என்னும் அம்மையாரை அவர் மணந்தார். அவர்களுக்கு 1892-இல் ஜாக் என்று அழைக்கப்பட்ட மகனும், 1897-இல் நவோமி என்னும் மகளும் பிறந்தனர். மகன் சிறுவனாயிருக்கும்போதே தந்தைக்கு உதவியாளனானான். ஒருமுறை ஹால்டேன் அவனை ஒரு சுரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். கூரையருகே மீத்தேன் வாயு தேங்கிய ஓரிடத்தில் அவனை நிமிர்ந்து நிற்கச் செய்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தின் பேச்சொன்றை ஒப்பிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் சிறுவனுக்கு மூச்சு இரைத்தது, கால்கள் மடங்கின, தரையில் விழுந்தான். விழுந்தவுடன் மூச்சு எளிதாயிற்று. மீத்தேன் காற்றைவிட இலேசானது. ஆகவே அது மேலே நிற்கும், தரையருகே நல்ல காற்று இருக்கும் என்பதை அவன் என்றும் மறவாத வகையில் கற்றான். இத்தகைய பாடத்தை இன்றைய தந்தையர் எவரும் மேற்கொள்ளார். ஆயினும் தாம் ஏற்காத துன்பத்தை மகனுக்கு அவர் அளிக்கவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஹால்டேனின் பெயரை நிலைநிறுத்திய ஆராய்ச்சி 1905-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜான் கில்லிஸ் பிரீஸ்ட்லி என்னும் இளைஞர் அதில் அவருக்குத் துணையாயிருந்தார். நுரையீரலின் அடியாழத்தில், சிற்றறைகளில் உள்ள காற்றை எடுத்துச் சோதிப்பது அதுவரை அரிதாயிருந்தது. ஹால்டேன் அதற்கு எளிய வழி கண்டார். நீண்ட ரப்பர்க் குழாய் ஒன்றை வாயிற் பொருத்தி, ஒரே வேகத்தில் இயன்றமட்டும் மூச்சை வெளியேற்றினால், இறுதியில் குழாயில் தங்குவது நுரையீரலின் ஆழத்திலிருந்து வந்த காற்றே. அதில் சிறிதளவை எடுத்து, தாமே அமைத்த கருவியால் கரியமில வாயுவை அளந்தார்.

சமவெளியில் அளந்தார். ஸ்காட்லாந்தின் மிகவுயர்ந்த பென்நெவிஸ் மலையின் உச்சியில் அளந்தார். கார்ன்வாலில் ஆழ்ந்த டால்கோத் சுரங்கத்தின் அடியில் அளந்தார். காற்றழுத்தம் மிகுந்த அறையினுள்ளும் அளந்தார். இடத்துக்கு இடம் காற்றழுத்தம் மாறியும், நுரையீரலின் ஆழத்திலுள்ள கரியமில வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றது. அது பாதரசக் கணக்கில் சுமார் 40 மில்லிமீட்டர் ஆகும். அவ்வழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு 0.2 பங்கே உயர்ந்தாலும், மூச்சின் அளவு இரு மடங்காகிறது. கரியமில வாயு குறைந்தால் மூச்சு தானே தணிகிறது. நீர் ஏறினால் மதகைத் திறந்தும், இறங்கினால் மூடியும், கண்மாயின் நீர்மட்டத்தைக் காக்கும் நீர்க்கட்டியைப்போல, மூளையின் அடிப்பகுதியாகிய முகுளம் இரத்தத்தின் கரியமில வாயுவை நொடிதோறும் அளந்து மூச்சை ஏற்றியும் இறக்கியும் காக்கிறது. நமக்குத் தெரியாமலே, உறக்கத்திலும், இக்காவல் நடைபெறுகிறது.

இவ்வுண்மை ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கடலில் ஆழ மூழ்கும் பிரிட்டிஷ் கடற்படையினர், சிறிது வேலை செய்த அளவிலேயே இரைத்துக் களைத்தனர். அவர்தம் தலைக்கவசத்துள் கரியமில வாயு தேங்குவதே காரணம் என்று ஹால்டேன் காட்டினார். ஆழம் மிகுந்தோறும் காற்றையும் மிகுதியாகச் செலுத்தவேண்டும் என்று விதித்தார். ஆழத்திலிருந்து ஒரேயடியாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக்குமிழிகள் தோன்றி உயிருக்கு ஊறு நேரும். ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்து, படிப்படியாக நின்று மேலேறும் முறையை அவர் வகுத்தார். அதற்குரிய அட்டவணைகள் 1908-இல் வெளியாயின. உலகெங்கும் மூழ்குவோர் உயிர்காக்கும் முறைகளுக்கு அவையே மூலமாயின.

கிணற்றிலும் ஆற்றிலும் நீந்தும் சிறுவரும் இதிலிருந்து அறியவேண்டியது ஒன்றுண்டு. நெடுநேரம் மூச்சடக்கும் போட்டியில் சிலர், நீரில் மூழ்குமுன் பலமுறை விரைந்து மூச்சு வாங்குவர். அங்ஙனம் செய்வதால் பிராணவாயு பெரிதும் கூடுவதில்லை. கரியமில வாயுதான் மிகக் குறைந்துவிடுகிறது. மேலே வா என்று எச்சரிக்கும் உள்காவல் அப்பொழுது வாய் மூடிக்கொள்கிறது. நீருக்குள்ளேயே பிராணவாயு தீர்ந்து, உணர்வு தப்பிவிடும். ஆகவே அவ்விளையாட்டு உயிருக்கு இறுதி தேடுவதாகும்.

1911-ஆம் ஆண்டு ஹால்டேன் அமெரிக்காவுக்குச் சென்று, சுமார் 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் என்னும் மலையுச்சியில் நண்பர்களுடன் ஐந்து வாரம் தங்கினார். மெல்லிய காற்றுக்கு உடல் எவ்வாறு பழகிக்கொள்கிறது என்பதை அங்கு ஆராய்ந்தார். பின் முதல் உலகப்போர் மூண்டது. 1915 ஏப்ரல் 22-ஆம் நாள் பெல்ஜியத்தில் ஈப்ர் என்னும் போர்முனையில் ஜெர்மானியர் குளோரின் வாயுவை ஏவினர். சில நாட்களில் அம்முனைக்கு வந்த இந்தியப் படைவீரர்களும் அப்புகையை எதிர்கொள்ள நேர்ந்தது. பிரிட்டிஷ் அரசு ஹால்டேனை அங்கு அனுப்பியது. அவர் அந்நஞ்சு இன்னதென்று உறுதிசெய்தார். காற்றடைத்த அறையில் குளோரினைத் தாமே சுவாசித்துப் பார்த்து, வீரர்களுக்குரிய முகமூடிகளை ஆக்கும் பணியில் ஈடுபட்டார். அச்சோதனைகள் அவர் நுரையீரலுக்குத் துன்பம் விளைத்தன. அதனை அவர் பொருட்படுத்தவில்லை.

புகழ் அவரைத் தேடி வந்தது. 1897-இலேயே ராயல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 1934-இல் அச்சங்கத்தின் உயர்ந்த சிறப்பாகிய காப்லி பதக்கத்தைப் பெற்றார். ஆயினும் ஓய்வை நாடவில்லை. எழுபத்தைந்தாம் வயதில் பாரசீகம், ஈராக்கு ஆகிய நாடுகளுக்குச் சென்று, எண்ணெய்த் தொழிலாளர் வெப்பத்தாக்கால் மாள்வதைத் தடுக்கும் வழியை ஆராய்ந்தார். திரும்பிய சின்னாளில் நுரையீரல் அழற்சி கண்டது. 1936-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14-ஆம் நாள் நள்ளிரவில் ஆக்ஸ்போர்டு இல்லத்தில் அவர் மூச்சு அடங்கிற்று.

ஹால்டேன் மறைந்தும் அவர் தொடங்கிய ஆராய்ச்சி மறையவில்லை. பெல்ஜிய நாட்டுக் கார்னெய் ஹேமன்ஸ் என்பவர், கழுத்தில் பெருந்தமனி கிளை பிரியும் இடத்தில் அரிசிமணியளவான உறுப்பொன்று இரத்தத்தின் வாயுக்களை அறிந்து முகுளத்துக்குச் செய்தி அனுப்புகிறது என நிறுவி, 1938-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். நம் நாட்டில் அவதார் சிங் பெயின்டல், டில்லி வல்லபாய் பட்டேல் மார்பு நோய் ஆராய்ச்சி நிலையத்தில், மூச்சோடு தொடர்புடைய நரம்புகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். ஹால்டேனின் மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன் பெரும் உயிரியல் அறிஞராகி, 1957-இல் இந்தியாவுக்கு வந்து இந்நாட்டுக் குடிமகனானார். 1964 டிசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் காலமானார். மாணவர் கற்கும்பொருட்டுத் தம் உடலைக் காக்கிநாடாவின் ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கச் செய்திருந்தார். தந்தை உயிரோடிருக்கும்போது தம் உடலை அறிவுக்கு ஈந்தார். தனயன் இறந்தபின்னும் ஈந்தார்.

மூச்சைக் காக்கும் இக்காவல் பிறக்கும்போதே முழுமையாக அமைந்துள்ளதா என்னும் வினா பின்வந்த அறிஞர் உள்ளத்தில் எழுந்தது. அதற்குரிய விடையின் ஒரு பகுதி, ஹால்டேன் வாழ்ந்த அதே ஆக்ஸ்போர்டில் கிடைத்தது. ஜெப்ரி டாஸ் என்பவரும் அவர்தம் குழுவினரும் செம்மறியாட்டின் கருவிலுள்ள குட்டியை ஆராய்ந்தனர். காற்றே இல்லாத கருப்பையினுள்ளும் குட்டி அவ்வப்போது மூச்சுவிடுவதுபோல் மார்பை அசைக்கிறது என 1970-களின் தொடக்கத்தில் அவர்கள் காட்டினர். நீந்தப் போகிறவன் கரையில் கைவீசிப் பழகுவதை ஒத்தது அது. கருவில் உள்ளவரை குட்டிக்குப் பிராணவாயு கொடுப்பதும், கரியமில வாயுவைக் கொண்டுபோவதும் தாயின் இரத்தமே. காவற்பொறுப்பு முழுவதும் தாயினுடையது.

பிறந்தவுடன் தொப்புட்கொடி அறுகிறது. குட்டியின் இரத்தத்தில் கரியமில வாயு ஏறுகிறது. நனைந்த உடலில் குளிர்காற்று படுகிறது; தாயின் நாக்கு உரசுகிறது. இவையெல்லாம் ஒருங்கே முகுளத்தைத் தட்டி எழுப்ப, முதல் மூச்சு பிறக்கிறது. தொழுவத்தில் வைக்கோலால் தேய்க்கும் பெரியவர், தாய்ப்பசு நக்கிச் செய்யும் வேலைக்கே துணை நிற்கிறார்.

முதல் மூச்சு வந்துவிட்டதனால் காவல் முதிர்ந்துவிட்டது என்று கொள்ளலாகாது. கருவில் குறைந்த பிராணவாயுவுக்குப் பழகியிருந்த கழுத்துறுப்பு, பிறந்தவுடன் திடீரெனப் பெருகிய பிராணவாயுவைக் கண்டு ஏறத்தாழ வாளாவிருக்கிறது. பின் நாட்கள் செல்லச் செல்லப் புதிய அளவுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. டாஸ் குழுவினர் ஆட்டுக்குட்டிகளில் 1984-இல் இதனைக் காட்டினர். கரியமில வாயுவை உணரும் ஆற்றலும் அவ்வாறே வளர்கிறது. கண் திறவாமற் பிறக்கும் எலிக்குஞ்சு, முதல் வாரத்தின் முடிவில் கரியமில வாயு மிகுந்த காற்றை அளித்தாலும் மூச்சைச் சிறிதளவே கூட்டுகிறது. மூன்று வார அளவில்தான் வளர்ந்த எலியைப்போல் நன்கு இரைக்கிறது. காவலன் பிறக்கிறான், ஆனால் காவல் கற்க அவனுக்கு நாள் வேண்டியிருக்கிறது.

மனிதக் குழந்தைக்கும் இஃது ஒக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இவ்வுணர்வு மெலிந்திருத்தலின், உறக்கத்தில் 20 நொடிக்கு மேலும் மூச்சு நின்றுபோவதுண்டு. மருத்துவர்கள் கருவிகளைக் கொண்டு இரவும் பகலும் காவல் செய்வர். காப்பிக்கொட்டையில் உள்ள கஃபீன் என்னும் பொருளையே மருந்தாக அளந்து கொடுத்து, முகுளத்தை விழிப்பூட்டுவர். மிகச் சில குழந்தைகள் இவ்வுணர்வு இன்றியே பிறக்கின்றன. விழித்திருக்கையில் மூச்சு விடும் அக்குழந்தைகள் உறங்கினால் போதிய மூச்சு விடுவதில்லை. வாழ்நாள் முழுதும் உறக்கத்தில் பொறியின் துணை வேண்டும். இதற்குக் காரணமான மரபுக்கூறு 2003-இல் கண்டறியப்பட்டது. நலமுள்ள கைக்குழந்தையையும் குப்புறக் கிடத்தி, முகம் மூடப் போர்த்தினால், தான் விட்ட மூச்சையே அது மீண்டும் இழுக்க நேரும். வளர்ந்தவர் உடனே திணறி எழுவர், குழந்தை எழாதிருக்கக்கூடும். ஆகவே குழந்தையை மல்லாந்து கிடத்தி, முகத்தைத் திறந்து வைத்து உறங்கச் செய்யவேண்டும் என்று மருத்துவர் வலியுறுத்துகின்றனர். இம்முறை பரவிய நாடுகளில், உறக்கத்திலேயே குழந்தைகள் திடீரென இறப்பது பெரிதும் குறைந்துள்ளது.

உள்காவல் முதிராத உயிருக்கு வெளியிலிருந்து ஒருவர் காவல் நிற்கவேண்டும். கன்றுக்குத் தாய்ப்பசுவும் உழவரும், கைக்குழந்தைக்கு அன்னையும் செவிலியும் அக்காவலர் ஆவர். சுரங்கத்தின் இருளில் மணமற்ற நஞ்சை உணரமாட்டாத தொழிலாளர்க்கும், கடலடியில் மூழ்குவோர்க்கும், போர்முனையில் நச்சுப்புகையிடையே நின்ற வீரர்க்கும் அத்தகைய காவலராய் நின்றவர் ஹால்டேன். பிறர் மூச்சு நில்லாதிருக்கத் தம் மூச்சைப் பணயம் வைத்த அப்பெரியாரின் பெயரை, ஜெயமங்கலத்துத் தொழுவத்தில் வைக்கோல் தாளோடு குனிந்திருக்கும் முதியவர் கேட்டிருக்கமாட்டார். ஆயினும் கன்று தும்மி மூச்சு விட்டபின்னும், அவர் உடனே உறங்கச் செல்வதில்லை. விளக்கைத் தூண்டிவிட்டு, கன்று எழுந்து நின்று மடியைத் தேடும்வரை அதன் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்.